பழைய லாரிக்குப் புது எஞ்சின் வந்த கதை

(வானொலிப் பேச்சு)



விதை, உரம், பூச்சிமருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்கு லாரி எஞ்சினைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நினைக்காதீங்க. காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு கிராமத்தில் மண் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு விவசாயி என்னைத் தம் கொட்டகைக்கு அழைத்துப் போனார். உள்ளே, வைக்கோல் போருக்குப் பின்னால், அவருடைய தாத்தா வாங்கிய பழைய லாரி ஒன்று நின்றது. "சார், பாடி நல்லா இருக்கு, சேசிஸ் இரும்பு மாதிரி இருக்கு. எஞ்சின்தான் போச்சு. ஒரு புது டீசல் எஞ்சினைத் தூக்கி வெச்சா, மஞ்சள் மூட்டையும் எருவும் அடிக்கலாமே, என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் இது இன்று நேற்று கேட்கப்படுகிற கேள்வி இல்லை. எண்பது வருஷமாக உலகத்தில் பல நாட்டு விவசாயிகள் இதைக் கேட்டிருக்கிறார்கள், செய்தும் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு நன்றாக அமைந்தது. சிலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கதையை ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு சொன்னால் புரிவது சுலபம். நம்ம பெரியவர்கள் 'செவர்லெட்' என்று சொல்லுவார்களே, அந்த செவர்லே லாரி. அமெரிக்காவில் 1929-ல் செவர்லே கம்பெனி ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. நாலு சிலிண்டர் வண்டியின் விலைக்கே ஆறு சிலிண்டர் என்று விளம்பரம் செய்தார்கள். 46 குதிரை சக்தி. அந்த எஞ்சினின் மூடிகளை இறுக்கிய போல்ட்டுகள் அந்த ஊர் விறகு அடுப்பில் இருக்கும் திருகு போல்ட்டு மாதிரியே இருந்ததால், விவசாயிகள் கேலியாக 'அடுப்பு போல்ட் எஞ்சின்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேலிப்பெயர் கடைசிவரைக்கும் நிலைத்துப்போயிற்று.

1937-ல் அதைத் திருத்தி, பெரிதாக்கி, 216 கன அங்குல எஞ்சின் வந்தது. நம் கணக்கில் மூன்றரை லிட்டர். முதலில் 85 குதிரை சக்தி, 1941 முதல் 90. கார், சின்ன வண்டி, ஒன்றரை டன் லாரி எல்லாவற்றிலும் இதுதான். 1953 வரைக்கும் லாரிகளில் வந்தது. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-லேயே பம்பாயில் சிவ்ரி என்ற இடத்தில் தொழிற்சாலை போட்டு, பாகங்களைக் கப்பலில் வரவழைத்து, செவர்லே வண்டிகளை இங்கேயே பூட்டி விற்றது. அதோடு இரண்டாம் உலக யுத்தத்தின்போது கனடா நாட்டில் ஃபோர்டும் செவர்லேயும் ராணுவத்துக்கென்று நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளைச் செய்து பல நாடுகளுக்கும் அனுப்பின. மூக்கு சப்பையான அந்த லாரிகளில் செவர்லே செய்தவற்றுக்கு இதே 216 எஞ்சின்தான். யுத்தம் முடிந்ததும் இந்தியாவில் இருந்தவற்றில் பல ஏலத்தில் போயின. பர்மாவில் விடப்பட்டவை ரங்கூன் நகரத்தில் பஸ்களாக 2000-ம் வருஷத்துக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தன என்றால் அந்தச் சேசிஸின் கெட்டித்தனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேசிஸ் கெட்டி. ஆனால் எஞ்சினுக்குள்ளே ஒரு பலவீனம் இருந்தது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

உங்களில் பலர் கிணற்றடியில் பழைய மெதுவேக ஆயில் எஞ்சினைத் திறந்து பார்த்திருப்பீர்கள். கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்னக் கரண்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றுக்கு ஒரு தரம் அந்தக் கரண்டி ஆயிலில் முக்கி எழும். அதனால் ஆயில் தெறித்து பேரிங்குக்குப் போகும். 216 எஞ்சினில் மெயின் பேரிங்குகளுக்கு பம்பு மூலம் ஆயில் போகும். ஆனால் கனெக்டிங் ராடுகளுக்கு இந்தக் கரண்டி ஏற்பாடுதான். அந்த ராடின் பேரிங்கும் இன்றைக்கு நாம் கடையில் வாங்குகிற மாதிரி தனி ஓடு இல்லை. வெள்ளை உலோகம் என்று மெக்கானிக்குகள் சொல்லுவார்களே, பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயத்தோடு செம்பும் ஆண்டிமனியும் கலந்த உலோகம், அதை ராடிலேயே உருக்கி ஊற்றிக் கடைந்திருப்பார்கள். அது மெத்தென்று இருக்கும்; மெதுவாக ஓடினால் நெடுநாள் உழைக்கும். தேய்ந்தால் இடையில் வைத்திருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றை உருவி எடுத்து மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். ஒரு ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் விவசாயியே வீட்டில் செய்துகொள்ளும் வேலை. ஆனால் வேகமாக, நெடுநேரம் ஓட்டினால் கரண்டி கொண்டுவரும் ஆயில் போதாமல் வெள்ளை உலோகம் சூடேறி வழிந்துவிடும். ராடு 'டொக் டொக்' என்று தட்ட ஆரம்பித்தால் அப்புறம் வண்டியை நிறுத்தத்தான் வேண்டும்.

1930-களில் இது குறையாகவே தெரியவில்லை. மண் ரோடு, மெதுவான ஓட்டம். 1950-களில் நிலைமை மாறிற்று. அமெரிக்காவில் ரோடுகள் அகலமாயின. 1956-ல் மாநிலங்களை இணைக்கும் பெரிய சாலைகளுக்குச் சட்டமே போட்டார்கள். கோதுமை ஏற்றிக்கொண்டு தானியக் கிடங்குக்குப் போகிற பழைய லாரி, பின்னால் வரும் கார்களுக்கு இடைஞ்சலாக ஊர்ந்து போயிற்று. வேகமாக ஓட்டினாலோ ராடு தட்டும்.

அப்படியானால் புது லாரி வாங்குவதுதானே? இங்கேதான் விவசாயியின் கணக்கு வருகிறது. அந்த ஊர் விவசாயிக்கு லாரி வேலை முக்கியமாக அறுப்புக் காலத்தில் சில வாரம்தான். மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும். சில வார வேலைக்குப் புது லாரி வாங்கி வட்டி கட்ட யாருக்கு மனசு வரும்? நாமும் அப்படித்தானே யோசிப்போம்.

அந்தச் சமயத்தில் செவர்லே கம்பெனியே ஒரு வழியைத் திறந்துவிட்டது, தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ. 1941-லேயே பெரிய லாரிகளுக்கென்று 235 கன அங்குல எஞ்சின் ஒன்றைச் செய்திருந்தார்கள். 216-க்கும் இதற்கும் அளவில் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். சிலிண்டர் விட்டம் ஒரு வீசம் அங்குலம் கூட. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மூன்று வீசம் அங்குலம் கூட. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் இதிலும் அதே கரண்டி ஆயில்தான். 1953-ல் சில கார்களிலும், 1954 முதல் எல்லாவற்றிலும், ராடுகளுக்கும் பம்பு மூலமே அழுத்தத்தோடு ஆயில் போகும்படி மாற்றினார்கள். வெள்ளை உலோகம் ஊற்றுவது போய், தேய்ந்தால் கழற்றி மாட்டுகிற ஓடு பேரிங் வந்தது. 1954 லாரி எஞ்சின் 112 குதிரை சக்தி.

பிறகென்ன? அந்த ஊர்க் குளிர்காலத்தில் ரோட்டில் பனி உருக உப்புப் போடுவார்கள். உப்பில் காரின் பாடி துருப்பிடித்து உளுத்துவிடும்; எஞ்சின் நன்றாகவே இருக்கும். இப்படிப் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்ந்த கார்களிலிருந்து 235 எஞ்சினைக் கழற்றி, கொட்டகையில் நின்ற பழைய லாரியில் 216-ஐ எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். கிளட்ச் மூடி பொருந்திற்று. பழைய கியர் பெட்டி அப்படியே பூட்டிற்று. கொட்டகை உத்தரத்தில் சங்கிலிக் கப்பி கட்டித் தூக்கி இறக்கி, சனி ஞாயிறில் வேலையை முடித்துக்கொண்டார்கள்.

ரொம்பச் சுலபம் போலத் தோன்றும். ஆனாலும் சின்னச் சின்னச் சிக்கல் உண்டு. 1955-க்குப் பிறகு வந்த 235-ல் தண்ணீர் பம்பு கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அப்படியே வைத்தால் ஃபேன் ரேடியேட்டரின் நடுவுக்கு நேராக நிற்காது. அதற்கு ஒரு கனத்த இரும்புத் தகட்டைக் கடைந்து இடையில் வைத்து, பழைய பம்பையே கீழே இறக்கி மாட்டினார்கள். பழைய வண்டி 6 வோல்ட். 1955 முதல் 12 வோல்ட். பழைய வண்டியின் ஆயில் மீட்டர் 30 பவுண்டு வரைதான் காட்டும், ஏனென்றால் கரண்டி எஞ்சினில் அழுத்தமே அவ்வளவுதான். புது எஞ்சினுக்கு 60 பவுண்டு மீட்டர் வேண்டும். மீட்டரை மாற்றாதவர்கள் முள் கடைசியில் போய் முட்டி நிற்பதைப் பார்த்து பயந்துபோனதும் உண்டு.

இவையெல்லாம் எஞ்சினைச் சுற்றியுள்ள சிக்கல். சேசிஸின் மற்ற பாகங்களுக்கு என்ன ஆயிற்று? பாருங்கள், இதுதான் என் பேச்சின் முக்கியமான இடம். அரை டன் வண்டியில் பின் ஆக்ஸில் விகிதம் 4.11. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் பக்கத்துத் தண்டு நாலு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். பெரிய லாரியில் 6-க்கும் மேல். இதெல்லாம் மண் ரோட்டில் பாரம் இழுக்கப் போட்ட கணக்கு. எஞ்சினை மட்டும் மாற்றியவருக்குப் பாரம் இழுக்கும் பலம் கூடிற்று, ராடு உருகும் பயம் போயிற்று, அவ்வளவே. வேகமும் வேண்டும் என்று ஆசைப்பட்டவர் பின் ஆக்ஸிலையும் மாற்றப் போனார். அங்கே 1954 வரை வந்த அரை டன் வண்டியின் தண்டு ஒரு குழாய்க்குள்ளே மூடியிருந்தது. ஆக்ஸிலைத் தொட்டால் தண்டு, கியர் பெட்டி எல்லாவற்றையும் தொட வேண்டும். அதையும் மாற்றி வேகம் வந்தவுடன் அடுத்த கேள்வி எழுந்தது: பழைய டிரம் பிரேக் இந்த வேகத்தை நிறுத்துமா? 1955-ல் செவர்லே இன்னும் பலமான வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தபோது அதையும் இளைஞர்கள் தாத்தா காலத்து லாரிகளில் ஏற்றினார்கள். நிதானமானவர்கள் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் முதலில் புதுப்பித்து, எஞ்சினை அப்புறம் தொட்டார்கள். அவசரக்காரர்கள் தலைகீழாகச் செய்தார்கள்.

இதுவரை சொன்னது அண்ணன் இடத்தில் தம்பியை உட்கார வைத்த கதை. பெட்ரோலுக்குப் பதில் பெட்ரோல். நம் நாட்டில் நடந்தது வேறு. இங்கே பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சினை வைத்தார்கள்.

ஏன்? இரண்டு காரணம். ஒன்று, எண்ணெய்ச் செலவு. யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் அடுப்பு மாட்டிக் கரி வாயுவில் ஓட்டியதைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெட்ரோலை நம்பியிருந்தால் என்ன கதி என்று மோட்டார் முதலாளிகளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. யுத்தத்துக்குப் பிறகும் டீசல் விலை குறைவு. ஒரே தூரத்துக்கு டீசல் எஞ்சின் குடிக்கிற அளவும் குறைவு. இரண்டாவது காரணம் அரசாங்கக் கொள்கை. வெளிநாட்டுப் பாகங்களை வரவழைத்துப் பூட்டி மட்டும் விற்காமல், உள்நாட்டிலேயே தயாரிக்கத் திட்டம் உள்ளவர்கள்தான் இருக்கலாம் என்று 1953-ல் முடிவாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் பம்பாய்த் தொழிற்சாலையை மூடிவிட்டுப் போய்விட்டது. அமெரிக்க விவசாயிக்குப் பழைய இரும்புக் கடை நிறைய 235 எஞ்சின் கிடந்தது. நம்மூர் செவர்லேக்காரருக்கு எஞ்சினுக்கு எங்கே போவது?

வழி இங்கிலாந்திலிருந்து வந்தது. பீட்டர்பரோ என்ற ஊரில் 1932-ல் ஃபிராங்க் பெர்கின்ஸ் என்பவரும் சார்லஸ் சாப்மன் என்ற எஞ்சினியரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் டீசல் எஞ்சின் என்றால் கப்பலுக்கும் மில்லுக்கும் உரிய பூதம். கனமாக, மெதுவாக ஓடும். பெட்ரோல் வண்டியில் எஞ்சின் இருக்கும் அதே இடத்தில் உட்காரக்கூடிய, வேகமாக ஓடும் சின்ன டீசலைச் செய்ய வேண்டும் என்பதே இவர்கள் எண்ணம். கவனியுங்கள், ஆரம்பத்திலேயே அவர்கள் குறிவைத்தது மற்றவர் செய்த வண்டிக்குள் போய் உட்காருவதைத்தான். 1937-ல் வந்த பி-6 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின் அதில் வெற்றி பெற்றது. 4.73 லிட்டர், 80 குதிரை சக்திக்குச் சற்று மேல். பெட்ரோல் லாரிகளை டீசலாக மாற்ற வேண்டிய சாமான்களையும் சேர்த்தே விற்றார்கள். ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரிலும் இது ஏறிற்று.

நம் சென்னையில் 1840-ல் குதிரை வண்டி கட்டும் தொழிலில் தொடங்கிய சிம்சன் கம்பெனி, 1950-களில் செம்பியத்தில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்ய ஆரம்பித்தது. உங்களுக்குத் தெரிந்த ஒரு சொந்தமும் இதில் இருக்கிறது. பி-6-ஐ நடுவில் அறுத்த மாதிரி மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்றை பெர்கின்ஸ் செய்தது, அதன் பெயர் பி-3. அதன் சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாக்கியதுதான் மாசி பெர்குசன் 35 டிராக்டரில் வந்த மூன்று சிலிண்டர் டீசல். ஆகவே உங்கள் வயலில் உழுத பழைய மாசி டிராக்டருக்கும் அந்த லாரி எஞ்சினுக்கும் தாயாதி உறவு உண்டு.

சென்னையில் செய்த எஞ்சின், பக்கத்திலேயே உதிரி பாகம், டீசல் சிக்கனம். பெட்ரோல் லாரி வைத்திருந்தவர்கள் பலரும் செவர்லே, ஃபார்கோ, டாட்ஜ் என்று பார்க்காமல் மாற்ற ஆரம்பித்தார்கள். லேத் பட்டறைகளுக்கு நல்ல வேலை கிடைத்தது. பெர்கின்ஸ் எஞ்சினின் முதுகும் செவர்லே கியர் பெட்டியின் முகமும் பொருந்தாது. நடுவில் ஒரு தகடு கடைந்து வைக்க வேண்டும். அந்தத் தகட்டில் நூல் பிசகினால்கூட எஞ்சினின் நடுவும் கியர் பெட்டித் தண்டின் நடுவும் ஒரே கோட்டில் நிற்காது. கிளட்ச் அதிரும், கியர் பெட்டியின் முன் பேரிங் மாதத்துக்கு ஒன்று போகும். டயல் கேஜ் வைத்து நடு பார்த்துப் பூட்டிய பட்டறைக்கும், கண்ணளவில் பூட்டிய பட்டறைக்கும் இருந்த வித்தியாசம் இதுதான். டீசல் எஞ்சின் கனம் அதிகம், அதனால் முன் பட்டையில் கூடுதலாக ஒரு பட்டை சேர்க்க வேண்டும். டீசலைச் சுழற்றிக் கிளப்ப 6 வோல்ட் பேட்டரி பலம் போதாது, அதையும் மாற்ற வேண்டும். இவையெல்லாம் நல்ல மெக்கானிக்குக்கு உடனே தெரியும், கண்ணில் படுகிற சமாச்சாரம்.

வேகக் கணக்கையும் பாருங்கள். 216 பெட்ரோல் எஞ்சின் முழு பலத்தைக் கொடுப்பது நிமிஷத்துக்கு 3300 சுற்றில். பி-6 லாரி எஞ்சின் சுமார் 2400 சுற்றோடு கவர்னர் பிடித்துக்கொள்ளும். பின் ஆக்ஸில் விகிதம் 6.17 என்றும் சக்கர விட்டம் 90 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், பெட்ரோலில் மணிக்கு 90 கிலோமீட்டர் வரை போயிருக்கக்கூடிய லாரி டீசலில் 66-க்கு மேல் போகாது. நம்மூர் ரோட்டுக்கு அது குறையில்லை. என்னைக் கேட்டால் அது ஒரு நல்ல காலம்.

கண்ணில் படாத சமாச்சாரம் ஒன்று இருந்தது. அதுதான் பிரேக். அதைச் சொல்ல, எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

என் பெரியப்பாவிடம் 1947-ம் வருஷத்து செவர்லே லாரி இருந்தது. மலையடிவாரத் தோட்டங்களிலிருந்து மரவள்ளிக் கிழங்கும் வாழைத்தாரும் ஏற்றி இறக்குவார். 1971-ல் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு பி-6 போட்டார்கள். வேலை செய்த பட்டறையின் பெயர் வேண்டாம், கெட்டிக்காரக் கைதான். தகடு சரியாகக் கடைந்திருந்தார்கள், முன் பட்டை சேர்த்திருந்தார்கள், பேட்டரி மாற்றியிருந்தார்கள். சமதளத்தில் ஒரு வாரம் ஓடிற்று, எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். எட்டாம் நாள் கிழங்கு ஏற்றிக்கொண்டு மலைச் சரிவில் இறங்கினபோது, டிரைவர் பிரேக்கை மிதித்தால் பெடல் கல்லு மாதிரி நின்றது. இரண்டு காலையும் வைத்து மிதித்தும் வண்டி நிற்கவில்லை, வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. அவர் சமயோசிதமாக வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மண் கரையில் சாய்த்துவிட்டார். கிளீனர் பையனுக்குக் கால் ஒடிந்தது. கடைசிவரைக்கும் அவர் விந்தித்தான் நடந்தார். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என்ன நடந்தது? இளநீரைக் குழல் போட்டுக் குடிக்கும்போது குழலை விரலால் நசுக்கிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், வாய்க்குள் ஒரு இழுப்பு உண்டாகும் அல்லவா? பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழியை ஒரு தகடு மறைத்துக்கொண்டிருக்கும். டிரைவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்தத் தகடு மூடும், பிஸ்டன் உறிஞ்சும், உள்ளே பலமான இழுப்பு, அதாவது வெற்றிடம் உண்டாகும். பெரிய லாரிகளில் அந்த வெற்றிடத்தை ஒரு குழாய் வழியாகக் கொண்டுபோய் பிரேக்குக்குத் துணைப்பலமாக வைத்திருப்பார்கள். இதைத்தான் வாக்குவம் பூஸ்டர் என்கிறோம். டிரைவர் கால் கொடுப்பது கொஞ்சம். மிச்சத்தை எஞ்சினின் இழுப்புக் கொடுக்கும்.

டீசல் எஞ்சினுக்குக் காற்றை அப்படி மறைக்க வேண்டிய அவசியமில்லை. டீசல் அளவைக் கூட்டிக் குறைத்தே வேகம் மாறும். பி-6-ல் கவர்னருக்காக ஒரு தகடு உண்டு. ஆனால் அந்த இழுப்பு கவர்னருக்குத்தான் போதும், பாரம் ஏற்றிய லாரியின் பிரேக்குக்குக் காணாது. அதனால் டீசல் லாரியில் வெற்றிடம் உண்டாக்கத் தனியாக ஒரு பம்பு வைப்பார்கள். இன்றைக்கும் சில டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன பம்பு இருக்குமே, அதே வேலைதான். பெரியப்பா லாரியில் பழைய எஞ்சினோடு போன அந்தக் குழாயின் வாயை ஒரு போல்ட்டுப் போட்டு அடைத்துவிட்டார்கள். பம்பு வைக்கவில்லை. எஞ்சினை மாற்றியபோது பிரேக்கில் பாதியைக் கழற்றி எறிந்துவிட்டோம் என்று பட்டறைக்காரருக்கும் தெரியவில்லை, பெரியப்பாவுக்கும் தெரியவில்லை. காலி வண்டிக்கும் சமதளத்துக்கும் டிரைவரின் கால் பலமே போதுமாக இருந்தது. அதனால் ஒரு வாரம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வாக்குவம் பம்பு வாங்கி மாட்ட ஆன செலவு, எஞ்சினுக்கு ஆனதில் ஒரு சின்னப் பங்குதான். விபத்துக்குப் பிறகு அதை மாட்டினார்கள். அந்த லாரி அதற்கப்புறம் பதினாறு வருஷம் அதே மலையில் ஏறி இறங்கிற்று.

இப்போது அந்தக் கொட்டகை விவசாயியின் கேள்விக்கு வருகிறேன். அவர் லாரியின் அடியில் படுத்துப் பார்த்தேன். அதுவும் பழைய பெட்ரோல் வண்டி, பிரேக் பூஸ்டர் உள்ளது. "எஞ்சின் விலையை விசாரிக்கிறதுக்கு முன்னாடி நாலு சக்கரத்தையும் கழற்றி டிரம்மையும் சிலிண்டரையும் பாருங்க, வாக்குவத்துக்கு என்ன செய்யப் போறீங்கன்னு மெக்கானிக்கைக் கேளுங்க. அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாத மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீங்க" என்றேன். பின் ஆக்ஸில் விகிதத்தை, புது எஞ்சினின் சுற்றுவேகத்தோடு வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

இன்னொன்றும் சொன்னேன். அந்தக் காலத்து டீசல் லாபக் கணக்கை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2014 அக்டோபரில் டீசல் விலைக்கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் சுருங்கிப்போயிற்று. வருஷத்தில் நாற்பது, ஐம்பது நாள் ஓடப்போகிற வண்டிக்கு டீசல் மிச்சத்தில் எஞ்சின் விலை திரும்பிவர எத்தனை வருஷம் ஆகும் என்று திண்ணையில் உட்கார்ந்தே கணக்குப் பார்த்தோம். அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பழைய பெட்ரோல் எஞ்சினையே திறந்து பார்த்து, சரிசெய்ய முடியுமா என்று முதலில் விசாரிப்பதாகச் சொன்னார். அதுவும் யோசிக்க வேண்டியதுதான்.

சட்டமும் இருக்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சின் நம்பர் மாறுகிறது, எண்ணெய் மாறுகிறது என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றாமல் ஓட்டி ஏதாவது விபத்து ஆயிற்று என்றால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பது அந்த எஞ்சின் நம்பரைத்தான்.

பெரியப்பா லாரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1987-ல் அதன் சேசிஸில் வெடிப்பு விழுந்தது. எவ்வளவு கெட்டியான இரும்பானாலும் நாற்பது வருஷம் மலைப் பாரம் சுமந்தால் என்ன செய்யும்? பாடி விறகாயிற்று, சேசிஸ் பழைய இரும்புக்குப் போயிற்று. பி-6 எஞ்சின் மட்டும் கம்பீரமாக இருந்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ஒருவர் வந்து, கம்ப்ரசருக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எஞ்சினை வண்டியில் ஏற்றும்போது, அந்தப் பழைய கிளீனர் ஓடிப்போய் வாக்குவம் பம்பை மட்டும் கழற்றிக்கொண்டார். "கம்ப்ரசருக்கு இது எதுக்கு? இன்னொருத்தன் லாரிக்கு ஆகும்" என்று சொல்லித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.